ஒன்பது போத்தல் அப்பிள் சோஸும் ஒரு நீலத் தொப்பியும்

சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, அப்பிளை அவித்து மசித்த சோஸ் நிரப்பிய ஒன்பதாவது போத்தலின் மூடி 'டிங்' என்றது. எட்டை ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். அந்த ஒன்றுக்காகத்தான் குசினி மேசையை விட்டு எழும்பாமல், நீலத் தொப்பியின் உச்சியைப் பின்னிக்கொண்டு இருந்தேன். போத்தல் ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி மூடியின் நடுப்பகுதியைக் கீழே இழுக்கும், அந்தச் சத்தம்தான் இது. சத்தம் வந்தால் போத்தல் காற்றுப் புகாமல் இறுகிவிட்டது, நிலவறைத் தட்டில் அடுத்த இலையுதிர்காலம் வரை வைக்கலாம்.

இது மூன்றாவது முயற்சி. முதல் முறை ஒரு சட்டி அப்பிள் அடிப்பிடித்தது. இரண்டாம் முறை இரண்டு போத்தல் இறுகவில்லை, ஒரு தொப்பியை முழுதாக அவிழ்க்க வேண்டி வந்தது. எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

சோஸையும் பின்னலையும் ஏன் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்று மகள் கேட்டாள். வேறு வழியில்லை. ஒன்ராறியோவில் அப்பிள் செப்ரெம்பர் தொடங்கி ஒக்ரோபர் முடியும் வரைதான் தோட்டத்து விலைக்குக் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் தொப்பி நவம்பர் குளிருக்கு முன் தலையில் இருக்க வேண்டும். வேலை நாட்களில் எனக்கு நேரமில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் அடுப்பில் சட்டியும் கையில் ஊசியும். அதோடு, அப்பிள் சோஸ் செய்வதில் பாதி நேரம் காத்திருப்பு. அந்த நேரத்தில் பின்னலாம் என்று நினைத்தேன். நினைத்தது சரி. எந்தக் காத்திருப்பில் பின்னலாம், எதில் கூடாது என்பதைத்தான் பிழையாகப் போட்டிருந்தேன்.

முதல் முயற்சி: செப்ரெம்பர் நடுப்பகுதி

மக்கின்ரோஷ் அப்பிள் 10 இறாத்தல். இது இந்த மாகாணத்துப் பழம். 1811இல் கிழக்கு ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஜோன் மக்கின்ரோஷ் தன் காணியைத் துப்புரவாக்கியபோது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது. கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அடுப்பில் வைத்தால் உருவம் நிற்காது. கால் மணி நேரத்தில் பஞ்சு போல உடைந்துவிடும். அப்பிள் பை (pie) என்ற மாப்பண்டம் செய்பவர்களுக்கு அது குறை, சோஸ் செய்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

சின்னக் கத்தியால் எல்லாவற்றையும் தோல் சீவினேன். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் போனது. முதலில் வெட்டியவை கடைசியை வெட்டி முடிக்கும்போது தேத்தண்ணி நிறமாகிவிட்டன. அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, மெல்லிய அடியுள்ள சட்டியில் போட்டு, அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன்.

கையில் இருந்தது மூத்த பேத்தியின் பச்சைத் தொப்பி. எட்டு வயது, தலைச் சுற்றளவு 52 செ.மீ. 96 கண்ணி, அதாவது ஊசியில் போடும் நூல் வளையங்கள். உடல் பகுதி முடிந்து உச்சியில் குறைக்கும் இடம். எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கின் முடிவிலும் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஒரு சுற்றுக் குறைத்தால் அடுத்த சுற்று சும்மா. ஒரு தொப்பியில் மிகக் கூடுதலாக எண்ண வேண்டிய இடம் இதுதான். அதை அடுப்பில் சட்டி இருக்கும்போது எடுத்தது என் பிழை.

அப்பிள் மெதுவாக வேகும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அப்பிளில் இருந்து தண்ணீர் விடத் தொடங்குவதற்கு முன்னரே அடியில் இருந்தது வற்றிவிட்டது. மணம் வந்தபோது 'இந்தப் பங்கை முடித்துவிட்டு எழும்பலாம்' என்று ஆறு கண்ணி பின்னினேன். அந்த ஆறு கண்ணிக்குள் சட்டியின் அடி கறுத்துவிட்டது. அடியைச் சுரண்டாமல் மேலே இருந்ததை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றிப் பார்த்தேன். சோற்றில் சில நேரம் இது சரிவரும். அப்பிளில் சரிவரவில்லை. கருகிய சீனியின் கசப்பு மேல் வரைக்கும் ஏறியிருந்தது. கறுவா போட்டும் மறையவில்லை. 10 இறாத்தலும் உரக் குவியலுக்குப் போனது.

தொப்பியை எடுத்துப் பார்த்தால் ஏழு பங்கில் ஆறு கண்ணி, எட்டாவதில் ஏழு. ஓடிப்போகும் அவசரத்தில் ஒரு குறைப்பை விட்டிருந்தேன். அதற்கு முன்னால் ஓரிடத்தில் சும்மா பின்ன வேண்டிய சுற்றிலும் குறைத்திருந்தேன். உச்சி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. 88 கண்ணி இருந்த சுற்று வரை அவிழ்த்தேன். எத்தனை கண்ணி ஊசியில் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் அதுதான். பிறகு வார நாள் இரவுகளில் மூன்று நாள் எடுத்து முடித்தேன். பச்சைத் தொப்பி இப்போது பேத்தியிடம் இருக்கிறது, உச்சி நேராக இருக்கிறது.

இரண்டாவது: செப்ரெம்பர் கடைசிச் சனி

இந்த முறை ஒரு நல்ல சாமான் கிடைத்தது. பழைய பொருள் விற்கும் கடையில் 7 டொலருக்கு ஃபூட் மில். அடியில் ஓட்டைத்தட்டு, அதன் மேல் சரிந்த ஒரு தகடு, நடுவில் கைப்பிடி. வெந்த அப்பிளைப் போட்டுச் சுற்றினால் சதை கீழே இறங்கும், தோலும் விதையும் நடுவிலுள்ள கடினப் பகுதியும் மேலே தங்கும். அதனால் சீவுகிற வேலையே இல்லை. நான்காக வெட்டி, காம்பையும் அடியிலுள்ள பூ முனையையும் எடுத்தால் போதும். 15 இறாத்தல் வெட்ட 35 நிமிடம்தான் ஆனது. மக்கின்ரோஷின் சிவப்புத் தோலோடு வேகவைத்ததில் சோஸும் இளஞ்சிவப்பாக வந்தது. சீவிச் செய்யும்போது அந்த நிறம் வராது.

முதல் முறை தண்ணீர் குறைந்து கருகியதால் இப்போது நான்கு கோப்பை விட்டேன். அது அதிகம். மில்லில் இருந்து இறங்கியது ரசம் போல ஓடியது. திருப்பி அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் வற்றவிட்டேன். சோஸ் தடிப்பாகிவரும்போது நீராவி அடியில் சிக்கி, பெரிய குமிழாக எழும்பி வெடிக்கும். அதில் ஒன்று என் மணிக்கட்டில் தெறித்தது. கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், இது ஒட்டிக்கொண்டு சுடும். இப்போதும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு அடையாளம் இருக்கிறது. வற்ற வைக்க வேண்டி வந்தால் நீளப் பிடியுள்ள மர அகப்பையும், கை மூடிய சட்டையும், பாதி மூடிய மூடியும் வேண்டும்.

போத்தலில் நிரப்பும்போது 500 மி.லீ. போத்தல்களை விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். கொஞ்சம் கூடக் கொள்ளட்டுமே என்ற எண்ணம். மூடிய போத்தல்களைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக் கொதிக்கவைத்தபோது சோஸ் விரிந்து மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் வெளியே வந்தது. சட்டித் தண்ணீர் கலங்கியது. எட்டில் இரண்டு இறுகவில்லை. மூடியின் நடுவை விரலால் அமர்த்தினால் 'டொக்' என்று மேலே வந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தபோது அப்பிள் கூழ் மெல்லிய பசை போலக் காய்ந்திருந்தது. அந்த இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்தோம்.

இன்னொன்றும் செய்தேன். நேரம் முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரில் இருந்து போத்தல்களை உடனே தூக்கி எடுத்துவிட்டேன். நூலகப் பின்னல் குழுவில் என் பக்கத்தில் இருக்கும் மூதாட்டி ஐம்பது வருடமாகப் போத்தலில் அடைப்பவர். அவர் பின்னர் சொன்னார்: அடுப்பை நிறுத்தி, சட்டி மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் போத்தல்களை அப்படியே விட வேண்டும். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருப்பது வெளியே தள்ளப்படும்.

தொப்பிக்கு வருகிறேன். இளைய பேரனுடைய நீலத் தொப்பி. ஐந்து வயது, தலை 50 செ.மீ. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்ற கணக்கில் 88 கண்ணி போட்டால் 44 செ.மீ. சுற்று வரும். தொப்பி தலையைவிட ஐந்தாறு செ.மீ. சின்னதாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடிக்கும். விளிம்பை 4 மி.மீ. வட்ட ஊசியில் பின்னி, உடலுக்கு 4.5க்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தைப் போத்தல்கள் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் செய்தேன். என் மூங்கில் ஊசிகளில் அளவு எழுதியிருந்தது பாவித்துப் பாவித்து அழிந்துவிட்டது. பையில் கைக்கு வந்ததை எடுத்தேன். அது 5.5.

இரண்டு ஊசிகளையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கியிருக்கும்போது தெரியவில்லை. பின்னும்போது துணி கொஞ்சம் இளகலாக இருந்தது, கை களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முழுத் தொப்பியும் முடித்து, கழுவி, காய வைத்துப் பேரன் தலையில் போட்டேன். தொப்பி புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து நின்றது. "அம்மம்மா, கண் தெரியேல்லை" என்றான். கழற்றி அளந்தேன்: 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான். 88 கண்ணிக்கு 49 செ.மீ.க்குக் கிட்ட. அதோடு இந்த நூல் இயந்திரத்தில் கழுவக்கூடிய வகைக் கம்பளி. அந்த வகை தண்ணீர் பட்டால் இன்னும் நீளும்.

அவிழ்த்தேன். கழுவிய நூல் சுருள் சுருளாக வரும், அப்படியே திரும்பப் பின்னினால் கண்ணிகள் ஒரே அளவில் விழாது. கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் இளக்கமாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, குளியலறையில் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் நூல் நேராகிவிட்டது.

மூன்றாவது: ஒக்ரோபர் இரண்டாம் வாரம்

தோட்டத்துக் கடையில் அடிபட்ட அப்பிள் 20 இறாத்தல் பை 12 டொலர். அடிபட்டது வேறு, அழுகியது வேறு. மண்ணிறப் புள்ளி, நசிவு, ஆலங்கட்டி மழைத் தழும்பு எல்லாம் சோஸுக்குப் பரவாயில்லை, அந்த இடத்தைச் சீவி எடுத்தால் சரி. பூஞ்சணம் பிடித்திருந்தால் தூக்கிப் போட வேண்டும். எடுத்தது 14.5 இறாத்தல்: பத்து மக்கின்ரோஷ், நாலரை கோட்லண்ட். கோட்லண்டும் மக்கின்ரோஷின் பிள்ளைதான், நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் பென் டேவிஸ் என்ற வகையோடு கலந்து உண்டாக்கியது. வெட்டி வைத்தால் மெதுவாகத்தான் நிறம் மாறும், ஆகவே கோட்லண்டை முதலில் வெட்டி, மக்கின்ரோஷைக் கடைசியில் வெட்டினேன். ஒரு தேசிக்காயின் சாற்றையும் தண்ணீரில் விட்டேன். தேத்தண்ணி நிறம் இந்த முறை வரவில்லை.

தண்ணீர் இரண்டு கோப்பை. தடித்த அடியுள்ள சட்டி. நடுத்தர நெருப்பு. முதல் 20 நிமிடமும் அடுப்புப் பக்கத்திலேயே நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை அகப்பையை விட்டுக் கிண்டினேன். பின்னல் பை நடைபாதையில் இருக்கும் கதிரையில், குசினிக்கு வெளியே. அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுக்கத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும்.

மில்லில் சுற்ற 30 நிமிடம். ஒவ்வொரு மூன்று அகப்பைக்கும் ஒருமுறை கைப்பிடியை எதிர்ப்பக்கம் இரண்டு தரம் சுற்றினால், தகட்டின் கீழே சிக்கிய தோல் மேலே வந்துவிடும். இதை இரண்டாம் முறையின் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன் ஒவ்வொரு தரமும் கழற்றிக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தேன்.

சீனி போடவில்லை. நன்றாகப் பழுத்த அப்பிளுக்குத் தேவையில்லை. கறுவாப்பட்டை விரல் நீளத் துண்டு ஒன்றை அவியும்போது போட்டு, மில்லுக்கு முன் எடுத்துவிட்டேன். சோஸை மறுபடி கொதிக்கவைத்து, கொதியோடு சூடான போத்தல்களில் விட்டேன். மேலே 1.25 செ.மீ. இடைவெளி. அளக்க ஒரு மரக் குச்சியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் கத்தியைப் போத்தலின் சுவரோரம் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழ்கள் மேலே வரும். பிறகு விளிம்பைச் சுத்தமான ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தேன். புது மூடி, அதைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தை விரல் நுனியின் பலத்துக்கு மட்டும் திருகியது.

கொதிக்கவைத்தது விருந்துக்கு இறைச்சிக் கறி வைக்கும் என் 20 லீற்றர் சட்டியில். இதற்கென்று தனிச் சட்டி வாங்கவில்லை. போத்தல் நேரடியாகச் சட்டியின் அடியில் தொடக்கூடாது, ஆகவே பழைய மூடி வளையங்களைக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி அடியில் போட்டேன். ஒன்பது போத்தல் சரியாகக் கொண்டது. போத்தலுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீர் மறுபடி கொதித்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும், போத்தலை இறக்கிய நேரத்தில் இருந்து அல்ல. 20 நிமிடம். நாங்கள் இருப்பது அவ்வளவு உயரமான இடத்தில் இல்லை. கடல் மட்டத்துக்கு 305 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் பின்னல் வருகிறது. பெரிய சட்டித் தண்ணீர் சூடாக 40 நிமிடம் எடுக்கிறது. அதில் கிண்ட ஒன்றுமில்லை, அடிப்பிடிக்க ஒன்றுமில்லை. போத்தல் கொதிக்கும் 20 நிமிடத்திலும் அப்படித்தான், ரைமர் அடிக்கும் வரை எனக்கு அங்கே வேலையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏப்ரனைக் கழற்றிவிட்டு நடைபாதைக் கதிரையில் இருந்தேன். அங்கிருந்து சட்டி தெரியும், ஆவி வராது.

88 கண்ணிச் சுற்று ஒன்று எனக்கு இரண்டரை நிமிடம். 20 நிமிடத்தில் எட்டுச் சுற்று. என் கையில் 10 செ.மீ.க்கு 28 சுற்று வரும், ஆகவே ஒரு கொதிக்குக் கிட்டத்தட்ட 3 செ.மீ. தொப்பி. தண்ணீர் சூடாகும் நேரத்தில் இன்னும் 16 சுற்று, அது ஐந்தரை செ.மீ.க்கு மேல். இரண்டும் சேர்ந்து எட்டரை. விளிம்பு முடிந்து உச்சி தொடங்கும் வரையுள்ள உடல் பகுதிக்கு எனக்கு வேண்டியது ஒன்பது செ.மீ. ஒரு சட்டி சோஸும் ஒரு தொப்பியின் உடலும் இவ்வளவு அளவாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தில் எண்ணிக்கையே இல்லை. சுற்றிச் சுற்றி ஒரே பின்னல், எந்தக் கண்ணியிலும் கீழே வைத்துவிட்டு எழும்பலாம்.

விளிம்பை வெள்ளி இரவே முடித்து, 4.5 ஊசிக்கு மாற்றியும் வைத்திருந்தேன். ஊசிகளை இப்போது ஓட்டைப் பலகையில் விட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறேன். 3 டொலர் பலகை, ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவு எழுதியிருக்கும். அளவு தெரிந்த ஊசிகளுக்கு நகப்பூச்சால் ஆளுக்கொரு நிறப் பொட்டும் வைத்துவிட்டேன்: 4க்குச் சிவப்பு, 4.5க்கு வெள்ளை, 5.5க்கு மண்ணிறம்.

உச்சியை அடுப்பு நிறுத்தும் வரை தொடவில்லை. ஒன்பது மணிக்குப் போத்தல்களை எடுத்து, துவாய் விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்துவிட்டு, மேசைக்கு வந்தேன். பங்கு பிரியும் இடங்களைக் காட்ட ஊசியில் எட்டு வளையக் குறி, பங்குக்கு 11 கண்ணி. ஒவ்வொரு குறைப்புச் சுற்றின் பிறகும் கடதாசியில் ஒரு கோடு. 80, 72, 64. முதல் 'டிங்' 72இல் வந்தது. கடைசியாக எட்டுக் கண்ணி இருக்கும்போது நூலை வெட்டி, ஊசியில் கோத்து, எட்டுக்குள்ளும் விட்டு இழுத்தேன். அதற்கு ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் ஒன்பதாவது போத்தல் சத்தம் போட்டது.

செலவு: அப்பிள் 8 டொலர் 70 சதம், மூடி ஒன்பது 5 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 14 டொலருக்குள், 4.5 லீற்றர் சோஸும் பேரனுக்கு உடனே சாப்பிட ஒரு சின்னக் கிண்ணமும். போத்தல் டசின் 19 டொலர், தூக்கும் இடுக்கி 8 டொலர், அவை வருடக் கணக்கில் வரும். நூல் 100 கிராம் சுருள் 9 டொலர், தொப்பிக்குப் போனது 58 கிராம்.

மறுநாள் காலை வளையங்களைக் கழற்றி, மூடியை மட்டும் பிடித்துப் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பதும் நின்றது. மேல் நிறம் கொஞ்சம் மங்கியிருந்த ஒன்றில் இடைவெளி கூடிவிட்டது என்று நினைக்கிறேன், அதை முதலில் திறப்போம். தொப்பி 44 செ.மீ., பேரன் பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போனான், கண் தெரிந்தது.

அடுத்த முறை மாற்றப் போவது: நான்கு போத்தலையாவது 250 மி.லீ. ஆக்க வேண்டும். திறந்த பெரிய போத்தல் எங்கள் வீட்டில் ஐந்து நாளைக்குள் முடிவதில்லை. மில்லுக்கு அடியில் வைக்கும் பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும், சறுக்கிக்கொண்டே இருந்தது. ஈரத் துணி போட்டும் நிற்கவில்லை. நடுப் பேத்தியின் தொப்பிக்கு 92 கண்ணி வேண்டும் போலிருக்கிறது, ஆனால் 92 எட்டால் பிரிபடாது. விளிம்பை 92இல் பின்னி, உச்சிக்கு முந்திய சுற்றில் நான்கைக் குறைத்து 88 ஆக்கலாம். வெள்ளி இரவு ஒரு சின்னத் துண்டு பின்னி, கழுவி, அளந்து பார்க்கிறேன். கராஜில் இன்னும் ஐந்தரை இறாத்தல் அப்பிள் இருக்கிறது, மஞ்சள் நூல் வாங்கியாகிவிட்டது.